முதல் பேஸ் ஓரத்தில் 11 வருடம்

பேஸ்பால் பற்றி எழுதினால் இங்கே நாலு பேர்கூடப் படிக்க மாட்டார்கள் என்று தெரியும். பரவாயில்லை. அமெரிக்காவின் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு ஆடிய எல்ஸ்டன் ஹோவர்ட் என்ற பெயர் வந்தாலே "தங்கமான மனுஷன், அதிர்ந்து பேசாதவர், பொறுமைசாலி" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அந்தப் பாராட்டின் மேலேயே கோபம்.

அவர் கேட்சர். பார்ப்பதற்கு விக்கெட் கீப்பர் மாதிரிதான் இருக்கும், ஆனால் பொறுப்பு அதைவிடப் பெரியது. மற்ற எட்டு பேரும் அவர் பக்கம் பார்த்து நிற்க, களம் முழுவதும் கண்ணெதிரே தெரிவது அவர் ஒருவருக்குத்தான். அடுத்து என்ன பந்து போட வேண்டும் என்று தொடைகளுக்கு நடுவே விரல் காட்டிச் சொல்வதும், பிட்சர் (பந்து எறிபவர்) பதறினால் எழுந்து போய்த் தேற்றுவதும் அவர் வேலை. அதனால்தான் ஓய்வுபெற்ற கேட்சர்கள் மேனேஜர் ஆவது அங்கே சகஜம். (பேஸ்பாலில் மேனேஜர் என்றால் யார் ஆடுவது, எப்போது பிட்சரை மாற்றுவது என்று முடிவெடுக்கிற தலைமைப் பயிற்சியாளர். மற்ற கோச்களெல்லாம் அவருக்குக் கீழே.)

ஹோவர்ட் செயின்ட் லூயிஸ்காரர், 1929இல் பிறந்தவர். கறுப்பினத்தவருக்கென்று தனியாக நடந்த லீக்கில் கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்கு ஆடினார். 1950இல் நியூயார்க் யாங்கீஸ் அவரை வாங்கியது. ஆனால் யாங்கீஸ் சட்டையோடு அவர் முதல் ஆட்டம் ஆடியது 1955 ஏப்ரலில். நடுவில் இரண்டு வருடம் ராணுவம் என்பது உண்மைதான். மிச்ச வருடங்களுக்கு என்ன காரணம்? பெரிய லீக்குகளில் கறுப்பினத்தவரைச் சேர்க்காத நிறத்தடையை ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணியில் ஆடி உடைத்து எட்டு வருடம் ஆன பிறகுதான் யாங்கீஸுக்கு ஒரு கறுப்பின ஆட்டக்காரர் தேவைப்பட்டார். வந்தவரை அப்போதைய மேனேஜர் கேஸி ஸ்டெங்கல் வரவேற்ற விதம், "கடைசியில் கிடைத்தவனுக்கும் ஓடத் தெரியவில்லை" என்று, கேவலமான ஒரு சொல்லையும் சேர்த்து. ஃபுளோரிடாவில் பயிற்சி முகாம் நடந்தபோது அணி ஹோட்டலில் தங்கியது. ஹோவர்டுக்கு அங்கே அறை கிடையாது; கறுப்பினக் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கினார்.

அப்புறம் இன்னொரு சிக்கல். கேட்சர் இடத்தில் ஏற்கெனவே யோகி பெர்ரா உட்கார்ந்திருந்தார். அதனால் ஹோவர்டுக்குப் பல வருடம் இடது ஃபீல்டும் (களத்தின் இடது வெளிப்பக்கம்) எங்கே காலியோ அங்கேயும்தான். 1960 வாக்கில்தான் முதன்மை கேட்சர் ஆனார், 31 வயதில். அடுத்த வருடம் பேட்டிங் சராசரி .348, அதாவது நூறு முறை மட்டை பிடித்தால் சுமார் 35 முறை வெற்றிகரமான அடி. 1963இல் 28 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), அங்குள்ள இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் அந்த ஆண்டுச் சிறந்த ஆட்டக்காரர் விருது. அந்த லீக்கில் அதை வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

ரொம்ப சாது என்று நினைத்துவிடாதீர்கள். பிட்சர் வைட்டி ஃபோர்டுக்காக, பந்தைத் திருப்பி எறியும் முன் தன் கால்காப்பின் பக்கிளில் அதை லேசாக ஒரு தேய்ப்பு தேய்ப்பாராம். கீறல் விழுந்த பந்து காற்றில் வேறு மாதிரி திரும்பும். விதிப்படி தப்புதான், எனக்கென்னவோ இது தெரிந்த பிறகு அவரை இன்னும் பிடித்துவிட்டது.

1967 ஆகஸ்டில் 38 வயதில் அவரை பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அவர் பேட்டிங் சராசரி .147, பார்க்கச் சகிக்காது. ஆனால் ஆகஸ்ட் 27, சிகாகோ. கடைசி இன்னிங்ஸ், பாஸ்டன் 4-3 என்று முன்னிலை. (மூன்று பேஸ்களையும் தொட்டு, கேட்சர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு வந்து சேர்ந்தால் ஒரு ரன்.) வலது ஃபீல்டில் ஒரு கேட்ச், உடனே மூன்றாம் பேஸிலிருந்து சிகாகோவின் கென் பெர்ரி ஓடி வருகிறார். வலது ஃபீல்டிலிருந்து ஹோஸே டார்ட்டபுல் எறிந்த பந்து தலைக்கு மேலே வருகிறது. ஹோவர்ட் எம்பி ஒற்றைக் கையில் பிடிக்கிறார், இறங்கும்போதே இடது காலை ஹோம் பிளேட்டுக்குக் குறுக்கே வைக்கிறார், ஓடி வந்தவரைப் பந்தால் தொடுகிறார். ஆட்டம் முடிந்தது. அந்த வருடம் பாஸ்டன் லீக்கை வென்றது ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில். .147ஐ வைத்து யாராவது பேசினால் இதைச் சொல்லுங்கள்.

1969இல் யாங்கீஸுக்கே கோச்சாகத் திரும்பினார். அமெரிக்கன் லீக்கின் முதல் கறுப்பினக் கோச். இடம் முதல் பேஸ் ஓரம். அங்கே நிற்கிறவருக்கு ஆட்டத்தின் போக்கில் பெரிய அதிகாரம் எதுவும் இல்லை. 1979 வரை, 11 சீசன் அங்கேயே.

இந்த அணியின் வழக்கத்தைப் பாருங்கள். ஹோவர்டைக் கேட்சராகச் செதுக்கிய பில் டிக்கியும் யாங்கீஸ் கேட்சர்தான், 1946இல் மேனேஜர் ஆனார். யோகி 1963 வரை ஆட்டக்காரர், 1964இல் மேனேஜர், ஒரு வருடம்கூடக் காத்திருக்கவில்லை. ஹோவர்ட் ஓரத்தில் நின்ற காலத்தில் மேனேஜர் பதவியிலிருந்து ஹூக் போனார், விர்டன் வந்தார், மார்ட்டின் வந்தார், லெமன் வந்தார், மறுபடி மார்ட்டின் வந்தார். 1978 ஜூலையில் மார்ட்டின் விலகியபோது ஒரே ஒரு ஆட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. அதற்கும் மூன்றாம் பேஸ் கோச் டிக் ஹவுசரைத்தான் கூப்பிட்டார்கள். 1980இல் அவரே மேனேஜர்.

மேனேஜராக ஆசைப்படுவதை ஹோவர்ட் மறைக்கவே இல்லை. "பொறுமைசாலி" என்ற சொல் எனக்குக் கசப்பது இதனால்தான். பொறுமை அவருடைய குணமாக இருக்கலாம், ஆனால் அதன் லாபம் முழுவதும் அணிக்குத்தான் போனது. 1977 ஜூனில் பாஸ்டனில், டிவி கேமரா முன்னாலேயே, மார்ட்டினும் அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் ரெஜி ஜாக்சனும் டக்அவுட்டில் (ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம்) அடித்துக்கொள்ளப் போனார்களே, மார்ட்டினை மறித்துப் பிடித்தது யார் தெரியுமா? ஹோவர்டும் யோகியும். இரண்டு பழைய கேட்சர்கள்.

இதய நோயால் 1980 டிசம்பர் 14 அன்று ஹோவர்ட் இறந்தார், 51 வயதில்.

1984 ஜூலையில் அவருடைய 32ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று யாங்கீஸ் விழா எடுத்துக் கௌரவித்தது. அன்றைக்கு அந்த அணியின் மேனேஜர் யோகி பெர்ரா, இரண்டாவது முறையாக.