மழைநீர்க் குழியை மூடினால் டெங்கு போகாது

"வீட்டு மழைநீர் சேகரிப்புக் குழியில்தான் டெங்கு கொசு உற்பத்தியாகிறது, உடனே சிமெண்ட் போட்டு மூடுங்கள்" என்று சென்னைக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. நம்பி மூடிவிடாதீர்கள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள் நீர் தேங்கி நிற்கவேண்டும். ஜல்லியும் மணலும் இட்ட குழியில் அவ்வளவு நாள் நீர் நிற்காது. ஓரிரு நாளில் இறங்கிவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற மணற்பாங்கான இடங்களில் இன்னும் வேகம். நான்கு குடம் ஊற்றிப் பாருங்கள், கண்முன்னே உறிஞ்சும். கொசுப்புழு நெளிவது மொட்டைமாடித் தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் பூந்தொட்டித் தட்டிலும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டிலும்தான். அங்கே முதலில் பாருங்கள்.

அந்தச் செய்தியில் கொஞ்சம் உண்மையும் உண்டு. வண்டலும் சருகும் அடைத்த குழியில் நீர் நிற்கும். களிமண் பகுதிகளில் மெதுவாகத்தான் இறங்கும். அதற்கு மருந்து தூர்வாருவது. மூடினால் கூரைநீர் அத்தனையும் தெருவுக்கு வரும். 2003-லேயே தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட அமைப்பு இது. புரட்டாசியிலேயே மேல்மணலை அள்ளி அலசிப் போடுங்கள். திறந்த உறைகிணறாக இருந்தால் வாயில் கொசுவலையை இறுக்கிக் கட்டுங்கள்.