அணு உலை தாங்கிவிட்டது, சரி. ஜனங்கள் எந்த வழியாக வெளியே போவார்கள்?

எங்கே பெரிய நிலநடுக்கம் வந்தாலும், எங்கே சுனாமி வந்தாலும், சில மணி நேரத்தில் ஒரு வரிச் செய்தி வந்துவிடும்: பக்கத்தில் இருக்கும் அணுமின் நிலையத்துக்கு ஆபத்து எதுவும் இல்லை. அதைப் படித்துவிட்டு நிம்மதியாக அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். 2024 ஜனவரி 1 அன்று ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் நடந்ததைத் தேடித் தேடிப் படித்த பிறகு எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. பதிவு நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

நோட்டோ இருப்பது ஜப்பானின் மேற்குக் கரையில், இஷிகாவா மாகாணத்தில். அன்று புத்தாண்டு. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பேரக்குழந்தைகளோடு சொந்த ஊருக்கு வந்திருந்த நாள். மாலை 4.10 மணிக்கு 7.6 அளவில் பூமி குலுங்கியது. பழைய மர வீடுகள் அப்படியே உட்கார்ந்துவிட்டன, வாஜிமா நகரத்தில் பேர்பெற்ற காலைச் சந்தைத் தெரு எரிந்து சாம்பலானது. வடக்குக் கரையில் சில இடங்களில் தரையே 4 மீட்டர் வரை மேலே எழும்பி, மீன்பிடித் துறைமுகங்களில் தண்ணீர் வற்றிப் படகுகள் தரைதட்டி நின்றன. இடிபாட்டிலும் தீயிலும் மண்சரிவிலும் இறந்தவர்கள் மட்டும் 200 பேருக்கு மேல்.

இதே தீபகற்பத்தின் மேற்குக் கரையில்தான் ஷிகா அணுமின் நிலையம். ஹொக்குரிக்கு மின் நிறுவனத்துடையது, இரண்டு உலைகள். 2011இல் புகுஷிமா விபத்துக்குப் பிறகு இரண்டுமே ஓடவில்லை. இது பெரிய அதிர்ஷ்டம் என்றுதான் நான் சொல்வேன். ஓடாவிட்டாலும் பயன்படுத்திய எரிபொருள் குளங்களில் கிடக்கிறது, அதைத் தொடர்ந்து குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். அன்று குளத்துத் தண்ணீர் தளும்பி வெளியே சிந்தியது, முதல் உலையின் குளத்துக்கான குளிர்விப்புப் பம்ப் கொஞ்ச நேரம் நின்றுபோனது, டிரான்ஸ்பார்மர்கள் உடைந்து எண்ணெய் கொட்டியது, வெளியிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் தடங்களில் சில செயலிழந்தன. கதிர்வீச்சு எதுவும் வெளியேறவில்லை. அதை மறுப்பதற்கில்லை, பயமுறுத்துவதற்காக இதை எழுதவும் இல்லை.

ஆனால் தகவல் வந்த விதத்தைப் பாருங்கள். இரண்டாம் உலையின் டிரான்ஸ்பார்மரிலிருந்து கசிந்தது சுமார் 3,500 லிட்டர் என்றார்கள், சில நாள் கழித்து அது சுமார் 19,800 லிட்டர் ஆனது. கடல் மட்டத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றார்கள், அப்புறம் கடல்நீர் உள்ளே வரும் தொட்டியில் 3 மீட்டர் அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தது என்று திருத்தினார்கள். குழப்பமான நேரத்தில் கணக்குத் தவறுவது இயல்பு என்று விட்டுவிடலாம். ஆனால் இதே நிலையத்தில் 1999இல் உலையை அடக்கி வைத்திருக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகள் நழுவி உலை தானாகவே இயங்கத் தொடங்கிய ஒரு சம்பவம் நடந்து, அதை 2007 வரை மூடி மறைத்திருந்தார்கள். அந்தப் பழைய கதை தெரிந்த ஊர்க்காரர்களிடம் போய் "நம்புங்கள்" என்றால் எப்படி நம்புவார்கள்?

சரி, இதுவெல்லாம் நிலையத்து வேலிக்கு உள்ளே. என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேலிக்கு வெளியே நடந்ததுதான்.

ஜப்பானில் விதி இப்படி: அணு உலையில் பெரிய விபத்து என்றால் 5 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் உடனே கிளம்ப வேண்டும். 5 முதல் 30 கிலோமீட்டர் வரை இருப்பவர்கள் முதலில் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்க வேண்டும். ஊர் ஊராக வைத்திருக்கும் கருவிகள் கதிர்வீச்சை அளந்து சொல்லும், அளவு கூடிய ஊர்க்காரர்கள் குறித்துவைத்த சாலைகள் வழியாக வெளியேற வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அன்று சாயங்காலம் நடந்தது என்ன? உள்ளே இருக்க வேண்டிய வீடுகள் ஆயிரக்கணக்கில் இடிந்து கிடந்தன. வெளியேறும் வழியாகக் குறித்த 11 சாலைகளில் 7 சாலைகள் பிளந்தும் சரிந்தும் அடைபட்டன. அளந்து சொல்ல வேண்டிய 116 கருவிகளில் 18 வரை தகவல் அனுப்பவில்லை. அந்த 30 கிலோமீட்டருக்குள் சுமார் 1,50,000 பேர் இருக்கிறார்கள். தீபகற்பம் என்பதால் மூன்று பக்கமும் கடல், வடக்கே இருப்பவர்கள் தெற்கே தப்ப வேண்டுமென்றால் உலையைத் தாண்டித்தான் போக வேண்டும். துறைமுகமே தரைமேலே ஏறிக்கிடக்கும்போது படகில் போவதும் நடக்காது. அன்று உலை ஓடிக்கொண்டிருந்து, உள்ளே ஏதாவது கைமீறிப் போயிருந்தால், திட்டத்தில் எழுதியிருந்த எதுவுமே அங்கே செல்லுபடியாகியிருக்காது.

நிலநடுக்கத்தின் மையம் இருந்த சுசு நகரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கேயும் ஒரு அணுமின் நிலையம் வந்திருக்க வேண்டியது. 1970களில் தொடங்கிய திட்டம், மூன்று மின் நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்தது. தகாயா என்ற கடலோரக் கிராமம் உட்பட இரண்டு இடங்களைப் பார்த்து வைத்தார்கள். 1989இல் ஊர் ஜனங்கள் நகராட்சி அலுவலகத்துக்குள்ளேயே 40 நாள் உட்கார்ந்து போராடினார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்தது, சொந்தக்காரர்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது, வளர்ச்சிக்கு எதிரிகள் என்ற பேச்சையும் கேட்க வேண்டியிருந்தது. 2003 டிசம்பரில்தான் நிறுவனங்கள் திட்டத்தை முடக்கின. 2024இல் அந்தத் தகாயா கிராமம் மண்சரிவில் துண்டிக்கப்பட்டு, ஜனங்களை ஹெலிகாப்டரில் ஏற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. அங்கே ஒரு உலை ஓடிக்கொண்டிருந்தால் என்ற நினைப்பே உடம்பை நடுங்க வைக்கிறது. விவரம் தெரியாமல் பயப்படுகிறார்கள் என்று யாரைச் சொன்னார்களோ, அவர்கள் பயந்ததில்தான் விவரம் இருந்திருக்கிறது. அந்த நோட்டோ வடகரைக் கடலடியில் நிலநடுக்கத்தைக் கிளப்பும் நிலப்பிளவு 96 கிலோமீட்டர் நீளத்துக்கு நகரலாம் என்பதுதான் அதுவரை ஹொக்குரிக்கு நிறுவனத்தின் கணக்காக இருந்தது. நகர்ந்தது சுமார் 150 கிலோமீட்டர்.

இதற்கு ஒரு பதில் வாதம் உண்டு, நியாயமானதும்கூட. புகுஷிமாவில் கதிர்வீச்சைவிட, அவசர அவசரமாக ஜனங்களை இடம்பெயர்த்ததில்தான் அதிகம் பேர் செத்தார்கள் என்பார்கள். உண்மை. ஃபுதாபா மருத்துவமனையிலும் அதன் முதியோர் இல்லத்திலும் படுக்கையில் கிடந்தவர்களைச் சரியான ஏற்பாடு இல்லாமல் பஸ்ஸில் ஏற்றி மணிக்கணக்காக அலைக்கழித்ததில் 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஆனால் இதைச் சொல்லிவிட்டு "ஆகவே பயம் தேவையற்றது" என்று முடிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு கிழவியை எந்த வண்டியில், யார் துணையோடு, எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல் உலையை ஓட்ட அனுமதி கொடுத்ததுதானே அங்கே நடந்த தப்பு?

ஜப்பானில் அணு ஒழுங்குமுறை ஆணையம் உலையைத்தான் சோதிக்கிறது. வெளியேற்றத் திட்டம் மாகாணம், நகராட்சி பாடு. 2021 மார்ச்சில் மிதோ நீதிமன்றம் மட்டும் இதை நேராகப் பார்த்தது: தோக்காய் 2ஆம் உலையைச் சுற்றி 30 கிலோமீட்டரில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களை வெளியேற்ற உருப்படியான திட்டம் இல்லை, அதனால் ஓட்டக்கூடாது என்று தீர்ப்பு சொன்னது. அமெரிக்காவில் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்ட் என்ற தீவில் ஷோரம் என்ற நிலையத்தைப் பல நூறு கோடி டாலர் கொட்டிக் கட்டி முடித்த பிறகும், அந்தத் தீவிலிருந்து ஜனங்களை வெளியேற்ற முடியாது என்று உள்ளூர் நிர்வாகம் கையெழுத்துப் போட மறுத்ததால் கடைசிவரை வணிக ரீதியாக ஓட்டாமலே மூடினார்கள். ஆக, இது நடக்காத காரியம் இல்லை. சாலை சரியில்லை என்றால் உரிமம் இல்லை என்று விதி எழுதலாம். எழுத வேண்டும் என்பதுதான் என் கட்சி.

நமக்கும் இது தூரத்து விஷயம் கிடையாது. 2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கத்தில் கடல்நீர் பம்ப் அறைக்குள் ஏறியதும் ஓடிக்கொண்டிருந்த உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள், அந்த ஊழியர்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். உலைக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து ஊழியர் குடியிருப்பிலும் மீனவக் குப்பங்களிலும் உயிர்கள் போயின. நம் நாட்டில் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டரை அவசரகாலத் திட்ட எல்லையாக வைத்திருக்கிறார்கள், வெளியே நடக்க வேண்டிய வேலைக்குக் கலெக்டர்தான் பொறுப்பு.

கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், கூடங்குளம், இடிந்தகரை பக்கம் இருப்பவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள்: உங்கள் தெருவுக்கு ஒத்திகை வந்ததா? எந்தச் சாலை வழியாக, எந்த ஊருக்குப் போகச் சொன்னார்கள்? மழைக்காலத்தில் அந்தச் சாலையில் தண்ணீர் நிற்குமா, நிற்காதா?