லேக்கர்ஸ் டோன்சிச்சுக்குக் குறைத்துக் கொடுக்கவில்லை

கூடைப்பந்து வீரர் லூகா டோன்சிச் 2025 ஆகஸ்டில் லேக்கர்ஸ் அணியோடு மூன்று ஆண்டுக்கு 16.5 கோடி டாலர் ஒப்பந்த நீட்டிப்பில் கையெழுத்திட்டார். “லேக்கர்ஸ் நினைத்திருந்தால் லூகா டோன்சிச்சுக்கு சூப்பர்மேக்ஸ் கொடுத்திருக்கலாம், 16.5 கோடி டாலரோடு ஏமாற்றிவிட்டார்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் விதியே அதற்கு இடம் கொடுக்கவில்லை.

சூப்பர்மேக்ஸ் என்பது, ஓர் அணியின் சம்பள உச்சவரம்பில் 35 சதவீதத்தில் தொடங்கும் ஒப்பந்த நீட்டிப்பு. லீக்கில் பத்து ஆண்டு முடிக்காத வீரருக்கு அதை எந்த அணி வேண்டுமானாலும் தந்துவிட முடியாது. அவரை டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) எடுத்த அணி தரலாம். இல்லையென்றால், அவருடைய முதல் ஒப்பந்தமான ரூக்கி ஒப்பந்தம் ஓடும்போதே டிரேடில் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) வாங்கிய அணி தரலாம். 2012இல் ஓக்லஹோமாவிலிருந்து ஹூஸ்டனுக்கு வந்த ஜேம்ஸ் ஹார்டனுக்கு 2017இல் அது கிடைத்தது இப்படித்தான். டோன்சிச்சை 2018 டிராஃப்டில் எடுத்தது அட்லாண்டா. அன்றே டாலஸுக்குப் போய்விட்டார், அதனால் அங்கே தகுதி இருந்தது. 2025 பிப்ரவரியில் டாலஸ் அவரை லேக்கர்ஸுக்கு டிரேட் செய்தபோது அவர் இரண்டாவது ஒப்பந்தத்தில் இருந்தார். தகுதி அந்த நிமிடமே போய்விட்டது. கோபப்படுவதென்றால் டாலஸ் மேல் படுங்கள், அது நியாயம்.

அப்புறம், “லேக்கர்ஸ் ஆறு மாதம் இழுத்தடித்தது” என்பதும் சரியில்லை. டிரேடில் வந்த வீரருக்கு முழு அளவு நீட்டிப்பு தர ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பிப்ரவரி 2இல் டிரேட், ஆகஸ்ட் 2இல் கையெழுத்து. விதி அனுமதித்த முதல் நாளிலேயே முடித்துவிட்டார்கள்.

மூன்று ஆண்டு என்பதும் அவருக்குச் சாதகமான கணக்குதான். மூன்றாவது ஆண்டு அவர் விருப்பத்தில் இருக்கிறது. 2028 கோடையில் விலகினால் பத்து ஆண்டு அனுபவம் நிறைந்திருக்கும். அப்போது 35 சதவீதத்தை எந்த அணியிடமும் கேட்கலாம்.