பேக்மேனும் சாம்பார் உப்பும்

(இரவு பதினொன்றரை மணி. செல்வம் கையில் செல்போன். கோமதி அறை வாசலில்.)

கோமதி: கரண்ட் பில் கட்டுகிறேன் என்று போனை எடுத்தீர்கள். அதென்ன ‘வக்கா வக்கா’ சத்தம்?

செல்வம்: பேக்மேன். இது வெறும் விளையாட்டு இல்லை கோமதி, கலை! நியூயார்க்கில் மோமா என்று பெரிய மியூசியம். 2012ல் முதல் தவணையாக 14 வீடியோ கேம்களைச் சேர்த்தார்கள். இதுவும் அதில் ஒன்று.

கோமதி: எழும்பூர் மியூசியத்தில் முதுமக்கள் தாழிகூட இருக்கிறது. அதற்காக உங்களை அதில் உட்கார வைக்கட்டுமா?

செல்வம்: வான்கோ ஓவியம் இருக்கிற இடம்டி அது!

கோமதி: வான்கோ பக்கத்திலா வைத்தார்கள்?

செல்வம்: (குரல் இறங்கி) இல்லை, வடிவமைப்புப் பிரிவு. நாற்காலி எல்லாம் இருக்குமே, அதில்.

கோமதி: அப்படியென்றால் கலை இல்லை, சாமான்.

செல்வம்: முழுசாகக் கேள். 1980ல் ஜப்பானில் தோரு இவாதானி குழு செய்தது. வழிச்சிக்கலுக்குள் புள்ளிகளைத் தின்றுகொண்டே நாம் ஓட வேண்டும், பேய்கள் துரத்தும். நாலு பேய், நாலு குணம். சிவப்பு பின்னாலேயே துரத்தும். இளஞ்சிவப்பு நாம் போகிற திசையில் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். ஆரஞ்சு நம்மை நோக்கி வரும், கிட்டே வந்ததும் திரும்பித் தன் மூலைக்கு ஓடிவிடும்.

கோமதி: ஹோட்டலில் பில் வரும்போது உங்கள் தம்பி செய்வாரே, அதுவா?

செல்வம்: அதேதான்! வசனம் இல்லை, முகபாவம் இல்லை. நகர்கிற விதத்திலேயே என் தம்பியைக் கொண்டுவந்துவிட்டான் பார், அங்கேதான் கலை இருக்கிறது.

கோமதி: நாலாவது பேய்?

செல்வம்: நீலம். நாம் எங்கே, சிவப்பு எங்கே என்று இரண்டையும் பார்த்துத்தான் திட்டம் போடும். மனசில் என்ன இருக்கிறது என்று லேசில் பிடிபடாது.

கோமதி: அதை ஏன் என்னைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?

செல்வம்: சும்மாதான். அப்புறம், ரோஜர் ஈபர்ட் என்று அமெரிக்காவில் ஒரு சினிமா விமர்சகர். வீடியோ கேம் ஒருநாளும் கலையாகாது என்று 2010ல் எழுதினார். கேம் ஆடுகிறவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். ஆடிய அனுபவம் இல்லாமல் அதை எழுதியிருக்கக் கூடாது என்று சில மாதத்தில் அவரே ஒத்துக்கொண்டார். கருத்தை மட்டும் விடவில்லை, அது வேறு கதை.

கோமதி: அதாவது, செய்து பார்க்காதவர் குறை சொல்லக் கூடாது?

செல்வம்: கரெக்ட்!

கோமதி: கல்யாணமான நாளிலிருந்து அடுப்புப் பற்ற வைக்காத ஒருவர், மத்தியானம் சாம்பாரில் உப்பு குறைவு என்றாரே?

செல்வம்: அது... அந்த விமர்சகருக்கே ஒத்துக்கொள்ளச் சில மாதம் ஆனது கோமதி.

கோமதி: நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் சாம்பார் உங்கள் பொறுப்பு.