அளவுக்கு வெட்டப்படும் நாயனம்

முகூர்த்த மாசம் வந்தால் போதும், "டிவியும் யூடியூபும் நம்ம கலாச்சாரத்தைக் கெடுத்துடுச்சு" என்கிற பதிவுகளும் வந்துவிடும். கும்பகோணம் பக்கத்து மண்டபத்தில் மெஹந்தி, சங்கீத், செண்டை மேளம் என்று படம் போட்டு நாலு பேர் திட்டுவார்கள். வெளியூர்ச் சரக்கு காவிரிக் கரைக்குப் புதுசா என்ன? மராட்டியர் ஆண்ட தஞ்சாவூர் இது. திருவையாற்றில் தியாகராஜர் தெலுங்கில் பாடினார். தஞ்சை நால்வர் என்ற இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலு ஐரோப்பாக்காரன் வயலினைக் கையில் எடுத்தார். வந்ததெல்லாம் நம்முடையதாகிவிட்டது. ஊடகம் செய்கிற வேலை வேறு. எதையும் தன் அளவுக்கு வெட்டித்தான் அது வெளியே அனுப்பும்.

நாயனத்தையே, அதாவது நாதஸ்வரத்தையே பாருங்கள். சாமி புறப்பாட்டில் முதலில் தவில், பிறகு கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்கிற புறப்பாட்டு இசை, அப்புறம் வீதி வீதியாக ராகம். எவ்வளவு நேரம் வாசிப்பது என்பதைத் தெருவின் நீளமும் சாமியைத் தோளில் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகளின் நடையும் முடிவு செய்யும். 78 சுழற்சி இசைத்தட்டோ, பத்து அங்குலம் என்றால் பக்கத்துக்குச் சுமார் 3 நிமிஷம்தான். மணிக்கணக்கில் தோடி ராகம் வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் தட்டில் ஏறும்போது அந்த அளவுக்குள் அடங்கத்தான் வேண்டியிருந்தது. குறையாகச் சொல்லவில்லை. 1956இல் மறைந்தவரின் வாசிப்பு இன்று நம் காதுக்குக் கிடைப்பதே பதிவுகளால்தான். ஆனால் ராகத்தை விரிக்க எவ்வளவு நேரம் வேண்டும் என்கிற கணக்கு கேட்பவர் மனசில் அப்போதே மாறத் தொடங்கிவிட்டது.

1939இல் திருச்சி வானொலி வந்தது. மத்திய அலையில் (மீடியம் வேவ்) சுமார் 4.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி ஏறாது. நாயனத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியின் கூர்மை நிறைய இருப்பது அதற்கு மேலேதான். அதனால் காலை மங்கள இசையில் நாயனம் சளி பிடித்த மாதிரி கேட்கும்.

மைக் இன்னும் ஆழமாகப் போய் வாத்தியத்தையே மாற்றியது. நாலு வீதிக்கும் கேட்கக் குட்டையான, சுருதி உயர்ந்த திமிரி வேண்டியிருந்தது. கச்சேரி மேடையும் ஒலிபெருக்கியும் வந்தபின் நீளமான, சுருதி தாழ்ந்த பாரிக்கு இடம் கிடைத்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி ராஜரத்தினம் பிள்ளைக்காகச் செய்த பாரியில் சுத்த மத்தியமம் என்கிற 'ம' ஸ்வரம் சுத்தமாகவே பேசியது. ஆச்சா மரத்தில் கடையும் அந்த ஊர் நாயனத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனவே ஊடகத்தால் கெட்டது மட்டும்தான் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன்.

இப்போதைய அளவு ரீல்ஸ். அரை நிமிஷத்தில் செண்டை ஜெயிக்கும். இருபது பேர், ஒரே உடை, ஒரே அடி. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் புரியும். ஆலாபனை சூடு பிடிக்கவே அதைவிட நேரம் ஆகும். அதேபோல, தியாகராஜ ஆராதனையில் எல்லோரும் கூடிப் பாடும் பஞ்சரத்னம் என்ற ஐந்து கீர்த்தனைகளும் ஒலிபரப்புக்கு லாயக்கான நீளம். அவை அமெரிக்காவில் கிளீவ்லாந்து வரை போய் 1978லிருந்து அங்கேயும் ஆராதனை நடக்கிறது. ராத்திரிப் புறப்பாட்டு நாயனம் அப்படிப் போகவில்லை, போகவும் முடியாது.

அதனால் சிங்கப்பூர், துபாய் உறவுகளுக்காகக் கல்யாணத்தை நேரலை விடுகிறவர்கள் சிலதைக் கவனித்தால் நல்லது. மைக்கை அணசுக்குள், அதாவது நாயனத்தின் அடியில் விரிந்த வாய்க்குள் நீட்டாதீர்கள். நாயனத்தின் நாதம் திறந்திருக்கும் துளைகள் வழியாகவும் வருகிறது, அணசு வாயில் வைத்தால் சில ஸ்வரம் மட்டும் தூக்கலாகக் கேட்கும். நாலைந்து அடி தள்ளி, விரல்களைப் பார்த்த மாதிரி வையுங்கள். தவிலுக்குத் தனி மைக். ஒரே மைக்கில் இரண்டையும் பிடித்தால் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் ஒவ்வொரு அடிக்கும் போனின் தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் அமுக்கும், நாயனம் முங்கி முங்கி எழும். கெட்டிமேளத்தில் உடைந்தே போகும். அதனால் சத்த அளவைக் கையால் வைத்து, கெட்டிமேளத்தையே ஒருமுறை வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். வீடியோ அழைப்புச் செயலி என்றால் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். விடாமல் ஒலிக்கும் சுருதியை அது ஃபேன் சத்தம் என்று நினைத்துத் துடைக்கும். சுருதி போன நாயனத்தைக் கேட்டுவிட்டு "வாசிப்பு சரியில்லை" என்று மேளக்காரரைச் சொல்வது அநியாயம்.

இன்னொன்று காப்புரிமை. நேரில் வாசித்த தியாகராஜர் கீர்த்தனையைக்கூட, ஏதோ ஒரு இசை நிறுவனத்தின் பதிவு என்று யூடியூபின் தானியங்கி அடையாளம் காட்டும். தியாகராஜர் 1847இல் மறைந்தவர், பாட்டுக்கு இன்று யாரும் உரிமை கோர முடியாது. பயந்து வீடியோவை நீக்காமல், பொதுவுடைமைப் பாடல், மண்டபத்தில் நேரடியாக வாசித்தது என்று எழுதி ஆட்சேபம் போடுங்கள். கோரியவர் 30 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் கோரிக்கை விழுந்துவிடும். ஆனால் பின்னாலேயே டிஜே சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் இந்த வாதம் நிற்காது. தாலி கட்டி முடிகிறவரை ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லி முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.