வயருக்கு எங்கே இடம்?
நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, ரிமோட்டில் ஓடும் ரேடியோ கார்தான். சிங்கப்பூர் ஈசூன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று இரவாக அதோடு மல்லுக்கட்டுகிறேன். ஒரு பக்கம் முழுக்க பேட்டரி. மறுபக்கத்து இண்டு இடுக்கில் சக்கரத்தைத் திருப்பும் சர்வோ, மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி, ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர் எல்லாம் அடங்க வேண்டும். ரிசீவரை மோட்டார் வயரை ஒட்டி வைத்தால் சிக்னல் கெடும்; தள்ளி வைத்தால் சர்வோ வயர் எட்டாது. மோட்டாருக்கும் இஎஸ்சிக்கும் நடுவே எட்டுகிற சென்சார் வயரோ நீளம் மிஞ்சி, சுருட்டி ஒதுக்க வழியில்லாமல், பெரிய பற்சக்கரத்தில் உரசுகிறது. நேற்று அதன் மேலுறை உரிந்து செம்புக் கம்பி பளிச்சென்று தெரிந்தது. வயிறு கலங்கிவிட்டது. அப்புறம் இந்த இரட்டைப் பக்க டேப்! நம்ம ஊர்ப் புழுக்கத்தில், இஎஸ்சி சூடேறியதும் பசை இளகி, பெட்டியே நழுவுகிறது. காரின் அடிச்சட்டமான சேசிஸைச் செய்கிறவர்களே, வயர் போக ஒரு பள்ளமும் பிடித்துவைக்க ஒரு கொக்கியும் வைத்தால் என்ன?