மலைவீட்டுச் சுவர்களில் பூஞ்சை

சுவர்ப் பூஞ்சையைப் போக்குவது பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தேன். மழையில் நனைந்த சுவரை பிளீச்சிங் கரைசலால் துடைத்து, இரண்டு நாள் உலரவிட்டு, நீர்புகா பெயின்ட் அடித்தால் போதும் என்று கட்டுரையாளர் கூறுவது சமவெளிக்குப் பொருந்தலாம். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பழைய கல்வீடுகளுக்குப் பொருந்தாது. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய அச்சுவர்கள், உறிஞ்சிய ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டியவை. அவற்றின்மீது சிமென்ட் பூச்சையும் பிளாஸ்டிக் பெயின்டையும் ஏற்றினால் ஈரம் உள்ளேயே தங்கி, அடுத்த ஐப்பசி மழையில் பெயின்ட் கொப்புளமாக எழும்பி, விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். அடியில் பார்த்தால் கரும்புள்ளிகள் முன்பைவிடப் பரவியிருக்கும். எனவே கூரை ஓடு, தாழ்வாரத் தகரம், சுவரை ஒட்டிக் குவிந்த மண் ஆகியவற்றை முதலில் சரிசெய்துவிட்டு, பிறகு சுண்ணாம்பு அடிப்பதே முறை.

எங்கள் வீட்டில் வெளிச்சுவரை ஒட்டி நின்ற பீரோவின் முதுகில்தான் பூஞ்சை முதலில் பிடித்தது. ஒரு சாண் தள்ளி வைத்த பின் அவ்விடம் காய்ந்தது. அறையை உலர்த்துவதற்காகக் கதவைச் சாத்திக் கரியடுப்பு மூட்டும் வழக்கம் இங்கு இன்னும் உண்டு. கரி எரியும்போது வரும் உயிர்கொல்லி வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை என்பதைக் கட்டுரை சொல்லியிருக்கலாம்.

காப்பீடு பற்றியும் ஒரு சொல்: 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசி தீ, புயல், வெள்ளம், நிலச்சரிவு ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு இழப்பீடு தரும், 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் கொட்டியது போன்ற பெருமழையால் வெள்ளம் புகுந்தால் அது உதவும், ஆண்டுக்கணக்காகச் சுவரில் ஊறும் ஈரத்துக்கு உதவாது. இழப்பீடு கோரும்போது காட்டுவதற்காக, நனைந்த மெத்தையைத் தூக்கி எறிவதற்கு முன் தேதியுடன் படம் எடுத்து வைப்பது நல்லது.